நானும்தான், ஆனாலும்...



நம் இதழின் ஆங்கிலப் பக்கத்துக்கு வரும் கடிதங்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது என் வழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இப்போது பிள்ளையின் பாடப்புத்தகத்தைத் தானும் சேர்ந்து படிக்கும் அம்மாக்கள் எழுதுகிறார்கள். வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்காகத் தேர்வு எழுதப்போகும் செவிலியர்கள் எழுதுகிறார்கள். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக உயர்ந்து, வெளிநாட்டு வியாபாரிக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்ப வேண்டிய நிலைக்கு வந்தவர்கள் எழுதுகிறார்கள். இந்தக் கடிதங்களில் பிழை குறைவு. எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, காலம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த வாக்கியத்தோடு பேசாமல் தனியே நிற்கிறது.

ஒரு கடிதத்தின் சாயலில் நானே எழுதிக் காட்டுகிறேன். 'மை டாட்டர் லைக்ஸ் மேத்ஸ். ஐ லைக் மேத்ஸ். மை ஹஸ்பண்ட் டஸ் நாட் லைக் மேத்ஸ். ஹீ ஹெல்ப்ஸ் ஹர்.' நான்கும் பிழையற்ற வாக்கியங்கள். ஆனால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மகளுக்குக் கணக்கு பிடிக்கும். எனக்கும்தான். அவருக்கோ கணக்கென்றாலே ஆகாது. இருந்தாலும் அவர்தான் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.' இப்போது அந்த வீடு கண்ணுக்குத் தெரிகிறது. தாயும் மகளும் ஒரு பக்கம், அப்பா மறுபக்கம், கணக்கு பிடிக்காமல் இருந்தும் மகளுக்காக உட்காரும் அவருடைய அன்பு எல்லாமே தெரிகிறது. எது எதோடு ஒத்துப்போகிறது, எது எதற்கு மாறாக நிற்கிறது என்பதை 'உம்', 'ஓ', 'இருந்தாலும்', 'தான்' ஆகிய சின்னச் சொற்கள் சொல்லிவிட்டன. இவற்றை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. பேச்சு வரத் தொடங்கிய குழந்தையே 'எனக்கும்' என்று கையை நீட்டுகிறது.

ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் இந்த ஒட்டுகள் உதிர்ந்துபோய், செய்திகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. இதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே உள்ள உறவைக் காட்டும் வேலையைத் தமிழ் ஓரிடத்தில் வைத்துச் செய்கிறது, ஆங்கிலம் வேறோரிடத்தில் வைத்துச் செய்கிறது. அந்த இடம் எது என்று பிடிபட்டுவிட்டால், தமிழில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நுட்பம் முழுவதும் ஆங்கிலத்துக்கும் வந்துவிடும். இந்த மாதம் என் பக்கத்தை முழுக்க அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ் இந்த வேலையைச் சொல்லின் வாலில் செய்கிறது. நான், நானும். மழை, மழையும். வினைச்சொல்லிலும் அதே வால்தான்: பெய்தாலும், சொல்லியும், பார்த்தும். தொல்காப்பியத்தின் இடையியல் இந்த 'உம்' என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. நன்னூலும் எட்டு என்றே கணக்கிடுகிறது. 'அப்பாவும் வந்தார்' என்று ஒருவரை இன்னொருவரோடு சேர்ப்பது இந்த உம். 'எல்லோரும்' என்று முழுமையைச் சொல்வதும் இதே உம். 'அப்பா சொல்லியும் கேட்கவில்லை' என்று முரணைக் காட்டுவதும் இதே உம்தான். ஒப்புமைக்கும் முரணுக்கும் ஒரே உறுப்பைப் பழகிய வாயோடு நாம் ஆங்கிலத்துக்குள் போகிறோம். அங்கே இவை இரண்டும் தனித்தனிச் சொற்கள். போதாததற்கு, ஒப்புமைக்குள்ளேயே 'ஆம்' என்பதோடு ஒத்துப்போவதற்கு ஒரு வழி, 'இல்லை' என்பதோடு ஒத்துப்போவதற்கு வேறு வழி.

இந்தக் கடைசிச் செய்திதான் நம்மவர்களை அதிகம் தடுமாற வைக்கிறது. எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். 'அவள் போனாள், நானும் போனேன்.' 'அவள் போகவில்லை, நானும் போகவில்லை.' தமிழில் இரண்டு இடத்திலும் 'நானும்' வந்துவிட்டது. ஆங்கிலத்தில் முதலாவது, 'ஷி வென்ட், அண்ட் ஐ வென்ட், டூ.' இரண்டாவது, 'ஷி டிட் நாட் கோ, அண்ட் ஐ டிட் நாட் கோ, ஈதர்.' வாக்கியத்தில் 'நாட்' வந்துவிட்டால் கடைசியில் 'டூ' வராது, 'ஈதர்' வர வேண்டும். ஐதர் என்று உச்சரித்தாலும் சரியே, இரண்டும் வழக்கில் உண்டு. நம் ஊரில் 'ஐ ஆல்ஸோ டிட் நாட் கோ' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அது 'நானும் போகவில்லை' என்பதன் நேர் நிழல். சொன்னால் எவருக்கும் புரியும், நமக்குள் பேசும்போது அதில் குறை காண வேண்டியதும் இல்லை. தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் 'ஈதர்' எழுதுங்கள்.

இப்போது ஆங்கிலம் தன் வேலையைச் செய்யும் இடத்துக்கு வருவோம். அது துணைவினை. இஸ், ஆம், ஆர், ஹேவ், ஹேஸ், கேன், வில், டூ, டஸ், டிட் என்று நாம் ஒப்புக்குப் படித்துவிட்டுக் கடந்துபோகும் சின்னச் சொற்கள். ஆங்கில வாக்கியத்தின் காலம், 'ஆம்-இல்லை', ஒருமை-பன்மை எல்லாவற்றையும் பெரும்பாலும் இவைதான் சுமக்கின்றன. அதனால் இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போக விரும்பினால் முழு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய துணைவினையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

'ஷி இஸ் டயர்ட்.' 'ஸோ ஆம் ஐ.'
'ஷி கேன் டிரைவ்.' 'ஸோ கேன் ஐ.'
'தே ஹேவ் ஈட்டன்.' 'ஸோ ஹேவ் வீ.'
'ஹீ வில் நாட் கம்.' 'நைதர் வில் ஐ.'

'ஷி ஒர்க்ஸ் இன் திருப்பூர்' என்பதில் துணைவினை எங்கே என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதை வெளியே வரவழைக்க ஒரு வழி உண்டு. அந்த வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். 'டஸ் ஷி ஒர்க் இன் திருப்பூர்?' கேள்வியின் தலையில் எந்தச் சொல் வந்து நிற்கிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய துணைவினை. அவளைப் போலவே அவள் அண்ணனும் அங்கே வேலை பார்த்தால், 'ஸோ டஸ் ஹர் பிரதர்.' நீங்களும் அங்கேதான் என்றால், 'ஐ' என்பதற்கு ஏற்ப 'டஸ்' மாறி, 'ஸோ டூ ஐ.' 'ஷி ஒர்க்ட் தேர்' என்று கடந்த காலமாக இருந்தால் 'டிட் ஷி' என்று கேள்வி வரும், 'ஸோ டிட் ஐ' என்று பதில் வரும். இந்த வழியை வைத்துக்கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். கேள்வி கேட்கத் தெரிந்த எவருக்கும் ஒத்துப்போகவும் தெரியும்.

தமிழ் எழுத்தில் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். செய்வதைக் குறிக்கும் 'டூ', 'கூட' என்ற பொருள் தரும் 'டூ', இரண்டு என்ற எண்ணாகிய 'டூ' மூன்றையும் நாம் ஒன்றுபோலவே எழுதுகிறோம். பேச்சில் முதலாவது வேறு. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். செய்வதைக் குறிக்கும் 'டூ'வில் நாக்கு மேலே தொடும்போதே தொண்டை அதிரும். மற்ற இரண்டிலும் முதலில் காற்று வெடித்து வெளியே வரும், அதன் பிறகுதான் அதிர்வு. 'ஐ டூ, டூ' என்பதை இப்படிப் பிரித்துச் சொன்னால்தான் கேட்பவருக்குப் புரியும். பிள்ளைகளோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

'ஸோ ஐ டூ' என்று வராமல் 'ஸோ டூ ஐ' என்று ஏன் திரும்பி நிற்கிறது என்று ஆர்வம் உள்ளவர்களுக்காக ஒரு செய்தி. பழைய ஆங்கிலத்தில், இன்றைய ஜெர்மன் மொழியில் உள்ளதைப் போல, வாக்கியத்தின் தலையில் வேறொரு சொல் வந்து அமர்ந்தால் வினை இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும், எழுவாய் அதற்குப் பின்னால் போகும். இடைக்காலம் முடிவதற்குள் ஆங்கிலம் அந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. ஆனால் 'ஸோ', 'நைதர்', 'நெவர்' போன்ற சில சொற்களுக்குப் பின்னால் மட்டும் அது பிடிவாதமாகத் தங்கிவிட்டது. 'டூ' துணைவினையாகப் பரவியது இன்னும் பிந்தையது. 15-ஆம் நூற்றாண்டு முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை கொஞ்சம் கொஞ்சமாக அது கேள்விகளிலும் எதிர்மறைகளிலும் நுழைந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'டூ' வைத்தும் கேள்வி கேட்கலாம், வைக்காமலும் கேட்கலாம். இன்று நம்மைத் திணறடிக்கும் விதி ஆங்கிலேயர்களுக்கே ஒரு காலத்தில் நிலைபெறாமல் இருந்தது என்பதை அறிவதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

திருப்பிப் போடாமல் 'ஸோ ஐ ஹேவ்' என்று சொன்னால் தவறா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை, ஆனால் பொருள் வேறு. 'யூ ஹேவ் டிராப்ட் யுவர் பர்ஸ்' என்று ஒருவர் சொல்கிறார். குனிந்து பார்க்கிறீர்கள், பர்ஸ் கீழே கிடக்கிறது. 'ஸோ ஐ ஹேவ்!' என்றால் 'அட, ஆமாம்!' என்று பொருள். 'ஸோ ஹேவ் ஐ' என்றால் 'நானும் என் பர்ஸைக் கீழே போட்டுவிட்டேன்' என்றாகிவிடும்.

ஒத்துப்போவது இவ்வளவுதான். மாறுபடுவதில்தான் நுட்பம் அதிகம், அங்கேதான் எழுதுபவரின் மனமும் வெளிப்படுகிறது.

எளிய மாறுபாட்டுக்கும் துணைவினையே போதும். 'ஷி கேன் ஸ்விம், பட் ஐ கான்ட்.' 'ஹீ டஸ் நாட் ஈட் ஃபிஷ், பட் ஐ டூ.' பேசும்போது கடைசித் துணைவினையில் குரல் சற்று அழுந்தும். 'எனக்குத்தான் நீந்தத் தெரியாது' என்று சொல்லும்போது 'தான்' செய்யும் வேலையை அந்த அழுத்தம் செய்கிறது.

அடுத்து வருவதைக் கவனமாகப் பாருங்கள். மாறுபாடு என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் வேற்றுமை. 'ஊட்டி குளிர்கிறது, மதுரையோ கொதிக்கிறது.' 'அண்ணனோ ஓயாமல் பேசுவான், தம்பியோ வாயே திறக்க மாட்டான்.' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். தமிழில் இதற்கு 'ஓ' என்ற அழகான இடைச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'வைல்', 'வேர்ஆஸ்' என்று இரண்டு சொற்கள் உண்டு. 'ஊட்டி இஸ் கோல்ட், வைல் மதுரை இஸ் ஹாட்.'

இன்னொன்று, எதிர்பார்த்தது நடக்காமல் போவது. 'மழை பெய்தாலும் கூட்டம் குறையவில்லை.' மழை பெய்தால் கூட்டம் குறையும் என்று நாம் நினைத்திருந்தோம். அந்த நினைப்பு உடைகிறது. தமிழில் இதற்கு 'ஆலும்', 'இருந்தும்', 'அப்படியிருந்தும்'. ஆங்கிலத்தில் 'ஆல்தோ', 'தோ', 'ஈவன் தோ'. 'ஆல்தோ இட் ரெய்ன்ட், தி கிரவுட் ஸ்டேட்.'

இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் வாக்கியம் விசித்திரமாகிவிடும். 'ஆல்தோ ஊட்டி இஸ் கோல்ட், மதுரை இஸ் ஹாட்' என்று எழுதினால், ஊட்டி குளிர்ந்தால் மதுரையும் குளிர்ந்தாக வேண்டும் என்று எழுதியவர் நம்பியதுபோல் ஆகிவிடுகிறது. எனவே இணைப்பதற்கு முன்னால் உங்களை நீங்களே தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் நான் 'ஓ' போடுவேனா, 'ஆலும்' போடுவேனா? 'ஓ' என்றால் 'வைல்', 'ஆலும்' என்றால் 'ஆல்தோ'. 'பட்' என்ற சொல் இரண்டு வகைக்கும் பொருந்தும். அதனால்தான் எல்லோரும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம். அதை விட்டு வெளியே வந்து மற்றவற்றையும் பழகச் சொல்கிறேன்.

'ஆல்தோ' எழுதும்போது நடக்கும் ஒரு பிழை எனக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி தென்படுகிறது. 'ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் தி கிரவுட் ஸ்டேட்' என்று இரண்டையும் போட்டுவிடுகிறோம். இந்தி பேசுவோரும் சீன மொழி பேசுவோரும்கூட இதே பிழையைச் செய்கிறார்கள். அவர்களுடைய மொழிகளில் இந்த இரண்டு சொற்களும் ஜோடியாக வருவது இயல்பு, அதனால் அவர்கள் செய்வதற்கு ஒரு நியாயம் உண்டு. நமக்கு அந்த நியாயம்கூட இல்லை. 'மழை பெய்தாலும், ஆனால் கூட்டம் குறையவில்லை' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. 'ஆலும்' வந்தால் 'ஆனால்' தேவையில்லை என்பது நம் காதுக்கு எப்போதோ தெரியும். அந்தக் காதை நம்புங்கள், ஆங்கிலத்திலும் ஒன்று போதும்.

'ஹவெவர்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது இரண்டு வாக்கியங்களை ஒட்டும் சொல் இல்லை. நம் 'எனினும்' போல, புது வாக்கியத்தைத் தொடங்கும் சொல். அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் ஒரு காற்புள்ளி. இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே வெறும் காற்புள்ளி போட்டு 'ஹவெவர்' எழுதுவதை எந்த ஆங்கிலப் பிழைதிருத்துநரும் விடமாட்டார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். கையில் இருப்பது இரண்டே செய்தி. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது?

'ஹீ இஸ் ஸ்லோ, பட் ஹீ இஸ் கேர்ஃபுல்.' 'ஹீ இஸ் கேர்ஃபுல், பட் ஹீ இஸ் ஸ்லோ.' மெதுவாகச் செய்பவர், ஆனால் கவனமானவர். கவனமானவர், ஆனால் மெதுவாகச் செய்பவர். ஒரு சிபாரிசுக் கடிதத்தில் முதல் வாக்கியம் வேலை வாங்கித் தரும், இரண்டாவது கதவைச் சாத்திவிடும். செய்தியில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. 'பட்' வந்த வாக்கியத்தில் அதற்குப் பின்னால் இருப்பதுதான் படிப்பவர் மனத்தில் தங்கும். 'ஆல்தோ' வந்தால், அது ஒட்டிக்கொண்டிருக்கும் பாதியை நாம் விட்டுக்கொடுத்துவிடுகிறோம், மறுபாதியில்தான் நிற்கிறோம். 'ஆல்தோ ஹீ இஸ் ஸ்லோ, ஹீ இஸ் கேர்ஃபுல்' என்றால் மெதுவாகச் செய்வதை ஒப்புக்கொண்டுவிட்டு, கவனத்தின் பக்கம் நின்று பேசுகிறோம்.

செவிலியர்களாக இருக்கும் வாசகர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். 'தி ஃபீவர் இஸ் டவுன், பட் ஷி இஸ் வெரி வீக்' என்று நோயாளியின் மகனிடம் சொன்னால் அவர் முகம் வாடிவிடும். 'ஷி இஸ் வெரி வீக், பட் தி ஃபீவர் இஸ் டவுன்' என்றால் ஒரு பெருமூச்சு வரும். இரண்டுமே உண்மை. எதைச் சொல்ல வேண்டும் என்பது அந்த நேரத்து நோயாளியின் நிலையைப் பொறுத்தது. சுரம் இறங்கியதை நினைத்து வீட்டார் அலட்சியமாகிவிடக் கூடாது என்றால் முதல் வாக்கியமே சரி. பயந்துபோய் இருப்பவருக்குத் தைரியம் வேண்டும் என்றால் இரண்டாவது. பனியன் கம்பெனி நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். துணி வந்து சேரத் தாமதமாகிவிட்டது, சரக்கு வெள்ளிக்கிழமை கப்பலேறும் என்ற இரண்டு செய்திகளில் எதை 'பட்'டுக்குப் பின்னால் வைக்கிறீர்களோ, அதற்கேற்பத்தான் வியாபாரியின் அடுத்த மின்னஞ்சல் அமையும். இரண்டு வாக்கியங்களை இணைப்பவர், எதன் பக்கம் நிற்கிறார் என்பதைச் சேர்த்தே சொல்கிறார். தனித்தனியாக விட்டுவிட்டால் அந்த முடிவைப் படிப்பவர் தலையில் போட்டுவிடுகிறோம், அவர் நாம் நினைக்காத முடிவுக்கும் போகலாம்.

வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. தலைமுறை தலைமுறையாக நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலில் வாக்கியங்களைச் சேர்ப்பதற்கென்றே தனிப் பாடங்கள் உண்டு. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்விலும் 'கம்பைன்' என்று ஒரு கேள்வி இருப்பது பிள்ளைகளைப் படிக்கவைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாம் அதை நடத்தும் விதத்தில் எனக்கு வருத்தம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

ஃபுளோரிடாவில் கெல்லாக் ஹன்ட் என்று ஓர் ஆய்வாளர். மாணவர்கள் வளர வளர அவர்களுடைய வாக்கியம் எப்படி வளர்கிறது என்று அறிய விரும்பினார். நான்காம், எட்டாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் எழுத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாக எண்ணி, 1965-இல் முடிவுகளை வெளியிட்டார். சின்னப் பிள்ளைகள் 'அண்ட், அண்ட்' என்று கோத்துக்கொண்டே போகிறார்கள். பெரியவர்களாக ஆக, ஒரு வாக்கியத்தை இன்னொன்றுக்குள் மடித்து வைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு 1970-இல் அவர் இன்னும் சுவையான ஒரு சோதனையை வெளியிட்டார். அலுமினியம் எப்படித் தயாராகிறது என்பதை 32 மிகச் சிறிய வாக்கியங்களில் எழுதிக் கொடுத்து, இதை நல்ல முறையில் திருப்பி எழுதுங்கள் என்று சொன்னார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே தாள், தீயணைப்பு வீரர்களுக்கும் அதே தாள், புகழ்பெற்ற பத்திரிகைகளில் கட்டுரை எழுதுபவர்களுக்கும் அதே தாள். செய்தி எல்லோருக்கும் ஒன்றுதான், அதனால் யார் எப்படி இணைக்கிறார் என்பது மட்டும் தனியாகத் தெரிந்தது. சிறியவர்கள் அந்த வாக்கியங்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள் அல்லது 'அண்ட்' போட்டு ஒட்டினார்கள். தேர்ந்த எழுத்தாளர்கள் பல வாக்கியங்களைக் கரைத்து ஒன்றாக்கினார்கள். பத்திரிகை ஆசிரியராக நான் நாள்தோறும் செய்யும் வேலையை ஒருவர் இப்படி அளந்து பார்த்திருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இதைப் பயிற்சியாகவே கொடுத்தால் பிள்ளைகளின் எழுத்து முன்னேறுமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 1969-இல் ஜான் மெலன் என்பவர் இலக்கணப் பாடத்தோடு சேர்த்து இணைப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். ஃபிராங்க் ஓஹேர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில் இலக்கணக் கலைச்சொற்களையே எடுத்துவிட்டு, ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியை மட்டும் கொடுத்தார். அவர்கள் எழுத்து நன்றாகவே முன்னேறியது. 2007-இல் ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் கார்னகி அறக்கட்டளைக்காக எழுதிய அறிக்கை, வளரிளம் பருவத்தினரின் எழுத்தை உயர்த்தப் பயன்படும் 11 வழிகளைச் சொன்னது. அவற்றுள் வாக்கியம் இணைப்பதும் ஒன்று. இலக்கணத்தைத் தனியாகப் பிரித்து நடத்துவது எழுதும் திறனை வளர்க்கவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். நம் தேர்வுத் தாளில் இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, பல நேரம் எந்தச் சொல்லால் இணைக்க வேண்டும் என்பதையும் அடைப்புக்குள் கொடுத்துவிடுகிறோம். சரியான விடை ஒன்றே ஒன்று. மாணவர் செய்ய வேண்டியது அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் பொருத்துவது மட்டும். அந்த இரண்டு செய்திகளுக்கும் என்ன உறவு, இவற்றில் எது எனக்கு முக்கியம் என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவரிடமிருந்து நாமே எடுத்துக்கொண்டுவிட்டோம். எழுத்து வளர்வது அந்தப் பொறுப்பால்தான். ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: வாரம் ஒரு நாளாவது விடை குறிப்பிடாமல் ஐந்தாறு சிறு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை விதமாக இணைக்கட்டும். பிறகு நான்கைந்தை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் எந்தச் செய்தி மேலே வந்திருக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். முதல் வாரமே வகுப்பின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப்போகும் செவிலியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எழுத்துத் தேர்வில் மதிப்பெண் போடும் நான்கு அளவுகோல்களில் வாக்கியங்களின் கோவையும் ஒன்று என்பது உண்மைதான். அதற்காக ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் 'ஹவெவர்', 'மோர்ஓவர்' என்று சூட்டிக்கொண்டே போகாதீர்கள். இயந்திரத்தனமாக இணைப்புச் சொல் போடுவதையும் அந்த அளவுகோல் குறையாகவே கருதுகிறது. உறவு இருக்கும் இடத்தில் மட்டும் இணையுங்கள். சில வாக்கியங்கள் தனியாக நிற்கவே பிறந்தவை. 'ஹர் ஃபாதர் டைட் லாஸ்ட் வீக்' என்று எழுத வேண்டி வந்தால் அதை எதோடும் ஒட்டாதீர்கள், அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் முறை. கீழே ஆறு வாக்கியங்கள் தருகிறேன். ஒரு குடும்பம் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போன கதை.

'தி பஸ் வாஸ் லேட். தி டிரெய்ன் வாஸ் லேட். மை சிஸ்டர் டிட் நாட் கம்ப்ளெய்ன். மை மதர் டிட் நாட் கம்ப்ளெய்ன். ஐ கம்ப்ளெய்ன்ட் ஆல் தி வே. வீ ரீச்ட் தி வெட்டிங் ஆன் டைம்.'

முதலில் இதைத் தமிழில், பக்கத்து வீட்டாரிடம் சொல்வதுபோல் சொல்லிப் பாருங்கள். 'உம்', 'ஓ', 'தான்', 'இருந்தாலும்' எங்கெங்கே வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஆங்கிலத்தில் இரண்டு விதமாக இணைத்து எழுதுங்கள். ஒன்றில் அம்மாவின் பொறுமை மேலே வர வேண்டும். இன்னொன்றில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த மகிழ்ச்சி மேலே வர வேண்டும். சொற்களைக் கூட்டலாம், குறைக்கலாம், வரிசையை மாற்றலாம். செய்தியை மட்டும் மாற்ற வேண்டாம்.

அஞ்சலட்டையில் எழுதினாலும் போதும். வரும் பதில்களில் ஒன்றுக்கொன்று மாறுபட்டு நிற்பவற்றை அடுத்த இதழின் ஆங்கிலப் பக்கத்தில் அருகருகே வெளியிட்டு, எது எதைத் தூக்கிக் காட்டுகிறது என்று என் குறிப்பையும் சேர்க்கிறேன். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து எழுதுகிறீர்கள் என்றால் ஒரே உறையில் இரண்டு தாள்களாக வையுங்கள், இருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்